இல்லாத கலைக்கூடத்துக்கு நீளும் வரிசை

முகத்தில் கறுப்புக் கவசம். கண்ணை மறைக்கும் தொப்பி. தோளில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். ஒரு பாடகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறான் என்று தெரிந்து அவள் கூட்டத்துக்குள் நிற்கிறாள். அவன் கதவைத் தாண்டி வரும் சில விநாடிகளில் எடுத்த படங்களில் நல்லதைப் பொறுக்கி, நிறம் திருத்தி, இரவே தன் ரசிகர் தளத்தில் ஏற்றிவிடுகிறாள். பொழுது விடிந்ததும் கச்சிதமான உடையில் ஒரு கலைக்கூடத்துக்குள் நுழைகிறாள். அங்கே அவள் தலைமைக் காப்பாட்சியர். எந்த ஓவியம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்தில் தொங்கவேண்டும் என்பதை அவள்தான் முடிவுசெய்கிறாள்.

அவள் பெயர் சோங் தொக்-மி. அந்தக் கலைக்கூடத்தின் பெயர் சேயும். இரண்டும் கற்பனை. 2019 ஏப்ரல் 10 முதல் மே 30 வரை கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சி 16 பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஹெர் பிரைவேட் லைஃப்' தொடரில் வருபவை. தொக்-மியாக பார்க் மின்-யங்கும், கலைக்கூடத்துக்குப் புதிய இயக்குநராக வரும் ரயன் கோல்டாக கிம் ஜே-உக்கும் நடித்தார்கள். ரசிகை ஒருத்தியின் காதல் கதை என்றுதான் இது அறிமுகமானது. நம் ஊரில் பார்த்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். எனக்கு இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் காதலர்களுக்குப் பின்னால் நின்ற சுவர்கள் கண்ணில் பட்டன. ஒரு கலைக்கூடம் எதற்காக இருக்கிறது, அது யாருடையது என்று நான் படித்த எத்தனையோ கட்டுரைகள் சொல்லாததை, அந்தச் சுவர்களை வைத்துக்கொண்டு இந்தத் தொடர் சொல்லியிருக்கிறது.

'சேயும்' என்ற கொரியச் சொல்லுக்கு 'நிரப்புதல்' என்று பொருள். ஒரு கலைக்கூடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? பணத்தைக் கொண்டா, ஓவியங்களைக் கொண்டா, பார்க்க வரும் கண்களைக் கொண்டா? கதாசிரியர் இதை எங்கும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் 16 பகுதிகளும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலாளி வீட்டுச் சுவர்

தொடரின் தொடக்கத்தில் சேயும் கலைக்கூடத்தை ஆள்பவர் ஓம் சோ-ஹே. பெரும் தொழில் குடும்பத்துப் பெண்மணி. விசாரணை நெருக்கவே பதவியிலிருந்து விலகி, வெளிநாட்டில் பெயரெடுத்த ரயன் கோல்டை அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறார். கிம் சன்-யங் அந்த வேடத்தைச் சிரிப்பும் அதிகாரமுமாகச் செய்திருக்கிறார். கொரியப் பார்வையாளர்களுக்கு அந்தப் பாத்திரத்தை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை அவர்கள் செய்தித்தாளில் பார்த்தே வளர்ந்தவர்கள்.

கொரியாவில் தனியார் கலைக்கூடங்களின் வரலாற்றைத் தொழில் குடும்பங்களின் வரலாற்றிலிருந்து பிரிக்கமுடியாது. அந்தக் குடும்ப நிறுவனங்களை 'செபோல்' என்பார்கள். சாம்சங்கை நிறுவிய லீ பியங்-சலின் சேகரிப்புக்காக 1982இல் யோங்கின் நகரில் ஹோ-ஆம் கலைக்கூடம் திறந்தது. அடுத்து 2004இல் சியோலின் ஹன்னம் பகுதியில் லீயம் வந்தது. 'லீ' என்ற குடும்பப் பெயரையும் 'மியூசியம்' என்ற சொல்லின் வாலையும் ஒட்டவைத்த பெயர். மூன்று கட்டடங்களுக்கு உலகின் பெரிய கட்டடக் கலைஞர்கள் மூவர்: மாரியோ போட்டா, ஜான் நூவெல், ரெம் கூல்ஹாஸ். பழங்காலப் பீங்கான்களுக்குச் சுடுமண் நிறக் கட்டடம், புதுக்கலைக்குத் துருவேறிய எஃகுக் கட்டடம். அதை ஆண்டவர் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீயின் மனைவி ஹோங் ரா-ஹீ.

2007இல் சாம்சங்கின் சட்டத்துறையில் முன்பு உயர் பதவி வகித்த ஒருவர், ரகசியப் பணத்தில் ஓவியங்கள் வாங்கப்பட்டதாகப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். சாம்சங் தரப்பு மறுத்தது. அப்போது ஒவ்வொரு கொரியர் வாயிலும் புகுந்த ஓவியத்தின் பெயர் 'ஆனந்தக் கண்ணீர்'. அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1964இல் வரைந்தது. 2002இல் நியூயார்க் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. சித்திரக்கதைப் பாணியில் கண்ணீர் மல்கச் சிரிக்கும் ஒரு பெண்ணின் முகம் அது. கலைக்கூடத்துக்கே போகாதவர்களுக்கும் அந்த முகம் தெரிந்துபோனது, கலைக்காக அல்லாமல் வழக்குக்காக. ஹோங் ரா-ஹீ 2008இல் பதவி விலகினார். 2011இல் திரும்பி வந்து, 2017இல் மறுபடி விலகினார்.

இந்த வரலாறு மனதில் இருந்தால் கொரியத் தொடர்களில் ஏன் இத்தனை கலைக்கூடங்கள் வருகின்றன என்பது புரியும். ஜேடிபிசி 2014இல் ஒளிபரப்பிய 'சீக்ரெட் லவ் அஃபேர்' தொடரில் நாயகி சொஹான் கலை அறக்கட்டளையில் வேலை பார்க்கிறாள். கச்சேரி ஏற்பாடுகளுக்குப் பின்னால் முதலாளி வீட்டுக் கறுப்புக் கணக்குகளையும் அவளே பார்த்துக்கொள்ளவேண்டும். 2021இல் வந்த 'மைன்' தொடரில் ஹியோவோன் குடும்பத்து மூத்த மருமகள் கலையுலகப் பெண்மணி. அந்தத் தொடரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பெருமுதலாளி குடும்பத்தின் மாளிகையாகக் காட்டப்பட்ட இடம் ஒரு நிஜக் கலைக்கூடம்: வோன்ஜு மலைமேல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆன்தோ வடிவமைத்து 2013இல் திறந்த 'மியூசியம் சான்'. கல் சுவரும் தண்ணீர்த் தோட்டமுமாக நீளும் கட்டடம். கலைக்கூடத்தை வீடாகக் காட்டியபோது அது பொருந்தாமல் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கும் கலைக்கூடத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய கோடு அங்கே எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். 2020 அக்டோபரில் லீ குன்-ஹீ இறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் அவர் குடும்பம் சுமார் 23,000 கலைப்பொருட்களை நாட்டுக்குக் கொடுத்தது. பழம்பொருட்கள் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கும், புதுக்கலை தேசிய நவீன கலை அருங்காட்சியகத்துக்கும் போயின. ஜோங் சோன் 1751இல் வரைந்த, மழை ஓய்ந்த இன்வாங் மலையின் ஓவியம் அதில் இருந்தது. மோனேயின் அல்லிக்குளமும் இருந்தது. குடும்பம் கட்டவேண்டியிருந்த வாரிசு வரி 12 லட்சம் கோடி வொன்னுக்கும் மேல். கொடுத்ததன் காரணம் என்னவாக இருந்தாலும், ஒரு குடும்பத்தின் சுவரில் இருந்தவை பொதுச் சுவருக்கு வந்து சேர்ந்தன. ஜூலையில் காட்சிக்கு வைத்தபோது முன்பதிவு செய்தவர்களை மட்டுமே உள்ளே விட முடிந்தது.

சேயும் கலைக்கூடத்திலும் இதே நகர்வுதான். ஓம் சோ-ஹேயின் சொத்தாகத் தொடங்கும் இடம், கதை போகப் போக அங்கே வேலை செய்கிறவர்களின், பார்க்க வருகிறவர்களின் இடமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்பவள் ஒரு ரசிகை.

அதே ஏணி

நாயகியின் பெயரிலேயே சேதி இருக்கிறது. கொரிய இளைஞர் பேச்சில் 'தொக்' என்றால் ஒன்றின்மேல் பித்துப்பிடித்தவர் என்ற குறிப்பு. ஜப்பானிய 'ஒதாகு' கடல் தாண்டி 'தொக்கு' ஆனது. ரசிகர் தளம் நடத்துகிறவருக்கு 'ஹோம்மா' என்று பெயர். அவர்கள் தூக்கிவரும் பெரிய லென்ஸை 'தேபோ', அதாவது பீரங்கி என்பார்கள். கூட்டத்துக்கு மேலே தலை தெரிய ஒரு சின்ன மடக்கு ஏணியும் கையோடு வரும். படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. தங்கள் பாடகனின் பிறந்தநாளுக்கு ஒரு தேநீர்க்கடையைப் பிடித்து, தான் எடுத்த படங்களைச் சட்டமிட்டு மாட்டி, காகிதக் கோப்பைகளுக்கு உறை அச்சிட்டு, வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, ஒரு புகைப்படக் கண்காட்சியையே நடத்துகிறார்கள். இது தொடருக்காகக் கட்டிய கதை இல்லை. சியோலில் வழக்கமாக நடப்பது.

இப்போது கலைக்கூடத்துக்குள் வாருங்கள். காப்பாட்சியர் செய்வது என்ன? ஆயிரத்தில் முப்பதைத் தேர்ந்தெடுப்பது. எது எதன் பக்கத்தில் தொங்கினால் இரண்டும் பேசும் என்று யோசிப்பது. ஓவியத்தின் நடுப்புள்ளி நிற்கிறவர் கண்மட்டத்துக்கு, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில் வரும்படி ஏணியில் ஏறி அளப்பது. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை வெளிச்சம் தாங்கும். காகிதமும் பட்டும் 50 லக்ஸுக்கு மேல் தாங்காது. ஈரப்பதம் ஏறி இறங்கக்கூடாது. கடன் வாங்கிய ஓவியம் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்து, எங்கே கீறல், எங்கே விரிசல் என்று எழுதிவைக்கவேண்டும். திருப்பி அனுப்பும்போது மறுபடி ஒப்பிடவேண்டும். பார்வையாளர் ஓவியத்தைப் பார்க்கிறார். அதைத் தொங்கவிட்ட கையை யாரும் பார்ப்பதில்லை.

தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, வெளிச்சம் திருத்துவது, பிறர் பார்க்கும்படி மாட்டிவிட்டு ஒதுங்கி நிற்பது. தொக்-மி இரவில் செய்வதும் பகலில் செய்வதும் ஒரே வேலை. ஒன்றுக்கு அவளுக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைக்கின்றன. இன்னொன்றை வெளியில் சொன்னால் மரியாதை போய்விடும் என்று ஒளித்துவைக்கிறாள். தொடரின் பெயரில் இருக்கும் 'அந்தரங்க வாழ்க்கை' இதுதான். கலை பார்க்கிறவர் உயர்ந்தவர், பாட்டுக்காரன் பின்னால் ஓடுகிறவர் மட்டம் என்ற தட்டுப்பிரிவை இந்தத் தொடர் ஏற்கவே இல்லை. அன்பாகப் பார்ப்பதற்குச் சாதி கிடையாது என்ற நிலையில் உறுதியாக நிற்கிறது.

ரயன் கோல்டுக்கு அவளது ரகசியம் தெரிந்தபின் அவர் செய்யும் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அவளைக் கேலி செய்யாமல், அவளுக்கே தெரியாமல் அவளது ரசிகர் தளத்தில் புது உறுப்பினராகச் சேர்ந்து பாடம் படிக்கத் தொடங்குகிறார். கலைக்கூடத்தின் இயக்குநர் ஒரு ரசிகையிடம் மாணவராகிறார். ஒருவர் நேசிக்கும் பொருளை அறிந்துகொள்வதுதான் அவரை நேசிக்க முதல் வழி என்று அந்தக் காட்சிகள் பேச்சில்லாமலே புரியவைக்கின்றன. தொக்-மியின் பாடகன் சா ஷி-ஆனுக்கும் ஓவியம் சேகரிக்கும் பழக்கம் உண்டு. அவன் சேகரிப்பு கலைக்கூடத்தின் காட்சிக்குத் தேவைப்படுகிறது. அங்கேதான் அவளது இரண்டு உலகங்களும் முட்டிக்கொள்கின்றன.

2019இல் இது கொஞ்சம் மிகையாகத் தெரிந்திருக்கலாம். மறு ஆண்டே, 2020 செப்டம்பரில், பிடிஎஸ் குழுவின் தலைவர் ஆர்எம் தன் பிறந்தநாளை ஒட்டி தேசிய நவீன கலை அருங்காட்சியகத்துக்கு 10 கோடி வொன் கொடுத்தார். கிடைக்காமல் போயிருந்த கலைப் புத்தகங்களை மறுபடி அச்சிட்டு நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்ப அந்தப் பணம். அவர் எந்தக் கண்காட்சியில் நின்று படம் போடுகிறாரோ, அங்கே மறுவாரம் இளைஞர் கூட்டம். அந்தப் பயணத்துக்கு அவரது இயற்பெயரைச் சேர்த்து 'நம்ஜூன் சுற்றுலா' என்றே பெயராகிவிட்டது. இருபது வயதுப் பெண்கள் கொரியாவின் பழைய நவீன ஓவியர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இதைச் சாதித்தது ஒரு பாடகன்மேல் அவர்கள் வைத்த பிரியம்.

தாயும் சேயும்

தமிழ்க் காதுக்கு 'சேயும்' என்றதும் முன்னால் 'தாயும்' வந்து ஒட்டிக்கொள்ளும். மொழிகளுக்கிடையே தற்செயலாக விழுந்த ஒற்றுமைதான். ஆனாலும் இந்தக் கலைக்கூடத்தின் கதைக்கு அந்தத் தற்செயல் அப்படியே பொருந்துகிறது.

ரயன் கோல்டு சிறுவயதில் வெளிநாட்டுக்குத் தத்துப்போனவர். பெரிய ஓவியராக வளர்ந்து, ஸ்டெண்டால் நோய்க்குறியால் தூரிகை பிடிக்கமுடியாமல் போனவர். 1817இல் ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் கலையழகு தாளாமல் நெஞ்சு படபடத்ததாக பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெண்டால் எழுதிவைத்தார். அதே நகரின் மனநல மருத்துவர் கிராசியெல்லா மகெரினி, கலைக்கு முன்னால் மயங்கி விழுந்த சுற்றுலாப் பயணிகளைக் கவனித்து 1979இல் அந்தப் பெயரைச் சூட்டினார். மருத்துவக் கையேடுகள் இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. தொடரில் இது நோயைவிட உருவகமாகத்தான் வேலை செய்கிறது. ஒரு படம் தனக்குள் எதையோ உடைக்கிறது. அது என்னவென்று அந்த மனிதனுக்குத் தெரியவில்லை.

அந்தப் படங்களை வரைந்தவர் லீ சோல் என்ற ஓவியர். சோப்புக் குமிழிகளின் தொடர் வரிசை. யாரும் நேரில் பார்த்திராத ஓவியர். ஏலத்தில் ஒன்று, பாடகன் வீட்டில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும் அவற்றைக் கலைக்கூடம் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறது. சுவர் நிரம்ப நிரம்ப வரைந்த கை யாருடையது என்பதும் வெளிப்படுகிறது. ரயனைப் பெற்றவள்தான் லீ சோல். பாடகன் ஷி-ஆனுக்கும் அவளே தாய். பிள்ளையைத் தொலைத்த ஒருத்தி பொய்ப்பெயரில் வரைந்துவைத்தவை, அவன் இயக்குநராக இருக்கும் சுவருக்கே வந்து சேர்கின்றன. கொரிய மொழியில் அம்மாவை 'ஓம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் கூப்பிடுகிறார்கள். வீட்டில் நாம் இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது கீழே ஓடும் எழுத்துகளைப் படிக்காமலே மனசு பிசைவதற்கு அதுவும் ஒரு காரணம். புதுயுகம் தொலைக்காட்சி பத்தாண்டுக்கு முன் கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியபோதும் அந்தச் சொற்களை மொழிபெயர்க்கவேண்டிய தேவையே வந்திருக்காது.

படத்தை வரைந்த கையைக் கண்டுபிடிப்பது தொடரில் ஆனந்தக் கண்ணீரில் முடிகிறது. நிஜத்தில் அந்தக் கேள்வி கொரியாவில் ஒரு பெரிய கலைஞரின் வாழ்க்கையையே பிடுங்கிக்கொண்டது. பூச்சூடிய பெண்களை வரைந்து புகழ்பெற்றவர் ஓவியர் சோன் கியோங்-ஜா. தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவர் பெயரில் 'அழகி' என்றொரு படம் இருந்தது. 1991இல் அது தான் வரைந்தது இல்லை என்று அவர் சொன்னார். நிபுணர்களும் அருங்காட்சியகமும் அவரது படம்தான் என்றார்கள். உயிரோடு இருக்கும் ஓவியரின் சொல்லைவிட நிறுவனத்தின் சொல் எடை கூடியதாகப் போனது. மனம் உடைந்த அவர் தூரிகையை வைத்துவிடுவதாக அறிவித்தார். பிறகு நாட்டைவிட்டே போய், 2015இல் அமெரிக்காவில் இறந்தார். 2016இல் அரசு வழக்கறிஞர்கள் அந்தப் படம் அசல் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆராய்ந்த பிரெஞ்சுக் குழு ஒன்று போலி என்றது. அதே 2016இல்தான் இன்னொரு பக்கம் போலியாக வரைந்ததை ஆட்கள் ஒப்புக்கொண்ட 13 படங்களை, அவை தன் கையால் வந்தவைதான் என்று புகழ்பெற்ற ஓவியர் லீ உ-ஃபான் சொன்னார். காவல்துறை அவர் சொல்லை ஏற்கவில்லை.

இந்த இரண்டு வழக்குகளையும் தெரிந்துகொண்டு லீ சோலின் சுவருக்குத் திரும்பினால் அந்தக் காட்சியின் கனம் கூடும். சொந்தக் கை தன் பிள்ளையை அடையாளம் காட்ட, சுற்றி நிற்கிறவர்கள் அதை நம்பும் ஒரு கலைக்கூடம். கொரியர்கள் அதைக் கற்பனையில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. போலியைப் பற்றி நேராகப் பேசிய தொடரும் உண்டு. 2017இல் லீ யங்-ஏ நடித்த 'சயிம்தாங்' தொடரில் ஒரு கலைக்கூடத்தின் பெருமையாகக் காட்டப்படும் பழைய மலை ஓவியம் அசல்தானா என்ற சந்தேகத்தில் கதை நகர்கிறது. 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆன் கியோன் வரைந்ததாகக் கதையில் சொல்லப்படும் படம் அது. அவருடையது என்று உறுதியாகச் சொல்லப்படும் பெரும்படைப்பு, 1447இல் வரைந்த கனவுத்தோட்ட ஓவியம், இன்று ஜப்பானின் தென்ரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கொரியர்கள் இழந்த ஒன்றின் இடத்தில் தொடர் ஒரு கற்பனைப் படத்தை வைத்துப் பார்த்தது. வேலைபார்க்கும் பெண்ணின் படிப்பை ஒரு நிறுவனம் எப்படி நசுக்கும் என்பதை அது அழுத்தமாகக் காட்டியிருந்தாலும், காலம் விட்டுக் காலம் தாவும் பகுதிகள் எனக்குச் சலிப்பூட்டின.

2008 அக்டோபர்

ஒரு தொடர் நிஜச் சுவருக்கு முன்னால் மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்துமா? நிறுத்தும். சேயும் வருவதற்குப் பதினோரு ஆண்டுக்கு முன்பே நிறுத்தியிருக்கிறது.

சியோலின் சோங்புக் பகுதியில் ஒரு மேட்டில் கன்சோங் கலைக்கூடம் இருக்கிறது. ஜப்பான் ஆட்சியில் கொரியப் பழம்பொருட்கள் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, பெரும் சொத்துக்கு வாரிசாக வந்த ஜோன் ஹியோங்-பில் என்ற இளைஞர் அந்தச் சொத்தைக் கரைத்து அவற்றை மீட்டு வாங்கினார். கன்சோங் அவரது புனைபெயர். 1938இல் அவற்றுக்காக ஒரு கட்டடம் எழுப்பினார். கொரிய எழுத்து எப்படி உருவாக்கப்பட்டது என்பதை விளக்கும் 1446ஆம் ஆண்டுப் புத்தகத்தை 1940இல் வாங்கினார். கேட்ட விலை 1,000 வொன், அவர் கொடுத்தது 10,000 என்று கொரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். கொரிய மொழியையே பள்ளிகளிலிருந்து துரத்திய காலம் அது. விடுதலை வரும்வரை அந்தப் புத்தகத்தை ஒளித்தே வைத்திருந்தார். லீயம் பணத்தில் எழுந்தது, கன்சோங்கும் பணத்தில்தான் எழுந்தது. ஆனால் ஒருவர் தன் பணத்தை எதற்குக் கரைக்கிறார் என்பதில் எவ்வளவோ இருக்கிறது. எனக்கு ஜோன் ஹியோங்-பில்மேல் அளவில்லாத மரியாதை.

கன்சோங் பல ஆண்டுகளாக மே மாதத்தில் இரண்டு வாரம், அக்டோபரில் இரண்டு வாரம் மட்டுமே திறந்தது. கட்டணம் இல்லை. ஆய்வாளர்களும் கலை மாணவர்களும் வந்துபோகும் அமைதியான இடம். 2008 செப்டம்பரில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி 'காற்றின் ஓவியன்' என்ற தொடரைத் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியர்களான கிம் ஹோங்-தோவும் ஷின் யுன்-பொக்கும் அதில் பாத்திரங்கள். ஒரு நாவலை ஒட்டி ஷின் யுன்-பொக்கை ஆண்வேடமிட்ட பெண்ணாகக் காட்டியது தொடர். மூன் கன்-யங் நடித்தார். அது வரலாறு இல்லை; ஷின் யுன்-பொக் ஆண்தான். கலை வரலாற்றாளர்கள் கண்டித்தார்கள், அவர்கள் கண்டித்ததில் நியாயமும் இருந்தது.

அக்டோபரில் கன்சோங் தன் 70ஆம் ஆண்டுக் காட்சியைத் திறந்தது. ஷின் யுன்-பொக் பட்டில் வரைந்த 'மியின்தோ', அதாவது அழகியின் ஓவியம், சுவரில் இருந்தது. தலையில் கனத்த சவுரிக் கொண்டை, மணிகளைப் பிடித்திருக்கும் விரல், தரையை நோக்கிய பார்வை. வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி நீண்டது. உள்ளே போக மணிக்கணக்கில் நின்றார்கள். குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், பள்ளிச் சீருடையில் வந்தவர்கள், அதற்குமுன் எந்தக் கலைக்கூடத்துக்கும் போயிராதவர்கள். தொடர் அவர்களுக்கு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தது. அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் உண்மையான பட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அங்கே வந்தபின் அவர்கள் பார்த்தது ஷின் யுன்-பொக்கின் தூரிகைக் கோட்டை, வேறெதையும் இல்லை. வரலாற்றைத் திரித்ததற்காகத் தொடர் மீது எனக்கு வருத்தம் உண்டு. அந்த வரிசைக்காக நன்றியும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை.

2025இல் இதுவே மறுபடி நடந்தது. கொரியப் பாடகிகள் பேய்களோடு சண்டையிடும் ஒரு அனிமேஷன் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் வரும் நீலப் புலியும் பறவையும் பழைய கொரிய நாட்டார் ஓவியங்களின் புலியையும் மேக்பைப் பறவையையும் ஒட்டியவை. படம் பார்த்தவர்கள் அசலைத் தேடிக் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். புலி பொறித்த சின்னங்கள் அங்காடியில் வைத்த கையோடு தீர்ந்தன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அருங்காட்சியகத்துக்கு வந்தவர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை.

கன்சோங் குடும்பத்துக்கு இடையில் கஷ்டகாலமும் வந்தது. பராமரிப்புச் செலவு தாங்காமல் 2020இல் இரண்டு புத்தர் சிலைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாடே அதிர்ந்தது. ஏலத்தில் விலைபோகாத அவற்றைத் தேசிய அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 2024 செப்டம்பரில் தேகு நகரம் கன்சோங் சேகரிப்புக்காக ஒரு கட்டடம் கட்டித் திறந்தது. 1446ஆம் ஆண்டுப் புத்தகமும் அங்கே காட்சிக்கு வந்தது. 'மியின்தோ'வுக்கு மட்டும் இருட்டான ஒரு தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். அந்த அறையில் வேறு எந்தப் படமும் இல்லை. வாசலில் வரிசை இருந்தது.